சிவப்பு நட்டும் காஜா பெராங் பயணமும்

ராணுவம் கழித்துவிட்ட லாரியை ஏலத்தில் எடுத்துவிட்டு, இனி இதை எப்படிக் காப்பாற்றுவது என்று முழிக்கிறவர்கள் நம்மவர்களில் இப்போது நிறையப் பேர். மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான பிறகு இன்னும் கூடிவிட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். தீபாவளி முடிந்து இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை, எங்கள் லாரியைப் பிரித்துப் பார்ப்பதற்காகச் சிரம்பானிலிருந்து மலாக்கா காஜா பெராங்குக்குப் போய்வந்தேன். நானும் முழு உடம்போடு திரும்பி வந்தேன், நான் பார்க்கப் போனவரும் முழு உடம்போடு இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் பயப்பட வேண்டாம். நான் பட்ட பயம் ஊருக்கே போதும்.

லாரியில் எனக்குப் பாதி, என் தங்கை ராசம்மாவின் கணவர் சந்தானத்துக்குப் பாதி. நான் சிரம்பானில் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். லாரி நிற்பது காஜா பெராங்கில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில். மணலும் செங்கல்லும் ஏற்றி ஓட்டுவது அவர். மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்த வேலையும் அரைகுறையாகக் கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்த வீட்டு வேலி சாய்ந்திருந்தால்கூடப் போய் நிமிர்த்திவிட்டு வருகிற ஆள்.

ஆயுத பூசைக்கு லாரி முழுக்க நீலம் அடித்தார். சக்கரத்தில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். வெளிவட்டத்து நட்டுகளுக்கு மட்டும் ராணுவத்தில் சிவப்பு அடித்திருந்தார்கள். உள்வட்டம் வெறும் பச்சை. “பாதியில விட்டுட்டுப் போயிட்டானுங்க மச்சான்” என்று சொல்லி, மாப்பிள்ளை உள்வட்டத்துக்கும் அதே சிவப்பை அடித்து முடித்தார். பிறகு ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனம், குங்குமம். பார்த்தவர்கள் எல்லோரும் கண் பட்டுவிடும், சுற்றிப் போடு என்றார்கள். நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் எழுதியிருந்தார்: “சனிக்கிழமை காலையிலேயே சக்கரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறேன். நீங்கள் வந்ததும் பிரேக்கைப் பார்க்கலாம்.”

சிரம்பானில் ஏழு மணி ரயில். தம்பினுக்கு முப்பது மைல் சொச்சம், மூன்றாம் வகுப்பில் டிக்கெட் ஒரு வெள்ளிக்குள் முடிந்துவிடும். மலாக்காவுக்கு நேராக ரயிலில் போகலாம் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு இருந்த தண்டவாளத்தை ஜப்பான்காரன் காலத்தில் பிடுங்கிக்கொண்டு போனதுதான், இன்னும் போடவில்லை. தம்பினில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பஸ் நிறையும்வரை கிளம்பாது. பக்கத்துக் கோப்பிக் கடையில் பசியாறலாம். அங்கே ரொட்டி நன்றாக இருக்கும், கோப்பியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் எனக்கு வாய்த்தவர் ஒன்றரை ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெயர் ஆறுமுகமாம். ஊர் அலோர்காஜா. சிங்கப்பூர் முகாம்களில் ராணுவ லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ் கிளம்புவதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார். எந்தத் தளபதி அவர் தோளில் தட்டினான், எந்த ஆற்றில் அவர் மட்டும் லாரியை இறக்கி ஏற்றினார் என்று ஒரே அளப்பு. நான் ‘ம்’ போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக கித்தாத் தோட்டத்து ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் பேச்சை மாற்றுவதற்காகத்தான் என் லாரியைப் பற்றிச் சொன்னேன்.

“ஆர்மி லாரியா! அதோட நான் குடும்பமே நடத்துனவன் தம்பி. ரிம்மு ஒரே துண்டா, ரெண்டு தட்டா?”

“அதெல்லாம் தெரியலண்ணே. இன்னைக்குத்தான் சக்கரத்தைக் கழட்டுறோம்.”

“வெளிவட்டத்துல சிவப்பு நட்டு இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப ரெண்டு தட்டுதான். சாக்கிரதை. ரெண்டு தட்டையும் சேத்து முடுக்கி வச்சிருக்கிறதே அந்தச் சிவப்பு நட்டுதான். டயர்ல காத்து இருக்கிறப்ப அதைக் கழட்டுனா, வெளித்தட்டு பிச்சிக்கிட்டு மூஞ்சியில வந்து அடிக்கும். எங்க முகாம்ல ஒருத்தன் அப்படித்தான் போனான். தூர நின்ன எனக்கே ரெண்டு நாள் காது கேக்கல. லாரியிலேருந்து சக்கரத்தை எடுக்கணும்னா உள்வட்டத்தை மட்டும் கழட்டு. சிவப்பைத் தொடாதே. தொடக்கூடாதுன்னுதானே சிவப்பு அடிச்சிருக்கான்!”

“உள்வட்டமும் சிவப்புதாண்ணே.”

“அது எப்படி சிவப்பா இருக்கும்?”

“ஆயுத பூசைக்கு எங்க மாப்பிள்ளை அடிச்சாரு.”

தம்பினிலிருந்து மூடாத வாயை ஆறுமுகம் அப்போதுதான் மூடினார். இத்தனை நேரம் அளந்த மனிதர் இதையும் அளப்பாகவே சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை காலை ஆறுக்கே எழுந்து வேலையைத் தொடங்குகிறவர். இரண்டு வட்டமும் ஒரே சிவப்பாக இருந்தால் எதை முதலில் கழற்றுவார்? பெரிய வட்டத்தைத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

“வீட்டுல போன் இருக்கா?” என்றார்.

“இல்லண்ணே.”

“அப்ப அலோர்காஜாவுல என்கூட எறங்கு. இந்த பஸ் அங்க கால் மணி நேரம் தூங்கும். டாக்ஸி பிடிச்சுத் தர்றேன்.”

தம்பினிலிருந்து அலோர்காஜா ஒன்பது மைல்தான். அன்றைக்கு அது ஈப்போ தூரம் இருந்தது. இறங்கியதும் ஆறுமுகம் தன் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். இந்தப் பக்கத்து டாக்ஸிகள் நான்கு பேர் சேர்ந்தால்தான் புறப்படும். ஆளுக்கு எண்பது காசு. நான்கு பேர் காசையும் தருகிறேன் என்று சொல்லி நான் ஒருவனே ஏறினேன். கதவைச் சாத்தும்போது ஆறுமுகம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கழட்டியிருந்தாலும் பயப்படாதே. மொதல்ல காத்தை எறக்கு. காத்துப் போயிட்டா அது வெறும் இரும்பு. சக்கரத்துக்கு நேரா மட்டும் நிக்காதே, டயருக்குப் பின்னால ஓரமா இருந்துகிட்டு கையை மட்டும் நீட்டு. நல்லபடியா போயிட்டு வா தம்பி.”

அவரை அளப்பாளி என்று நினைத்ததற்காக இப்போது இங்கேயே கும்பிட்டுக்கொள்கிறேன்.

டாக்ஸி ஓட்டியவர் வயதான சீனர். அந்த வயதுச் சீனரை நாங்கள் ஆப்பே என்று கூப்பிடுவோம். பதினைந்து மைல் சாலை, காலி சாலை, அவர் மாட்டு வண்டிக்குப் பின்னால் போகிறவர்போல் ஓட்டினார். சீக்கிரம் போங்கள் என்று மலாயில் கெஞ்சினேன். “உனக்கு அவசரம், எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்றார். பிறகு நான் தெரிந்த மலாயை எல்லாம் கொட்டி, தங்கை புருஷன், சக்கரம், இரும்பு, தலை என்று கையாலும் காட்டிச் சொன்னேன். தலை என்று சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. ஆப்பே கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் அவர் ஓட்டிய ஓட்டத்தில் எனக்கு என் தலையைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சாதாரண நாளில் நான் பதினொன்றுக்கு மேல் வேண்டுகிறவன் இல்லை.

பாச்சாங் தாண்டி காஜா பெராங் சாலைக்குள் திரும்பி, வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்குள் நான் இறங்கி ஓடினேன். லாரியின் பின்பக்கம் ஜாக்கியில் ஏறி நின்றது. ராசம்மா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சக்கரத்துக்கு நேர் எதிரே குந்தி உட்கார்ந்து, மூஞ்சியை அதற்கு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொட்டாங்கச்சி நிறைய மண்ணெண்ணெய். அதற்குள் சிவப்பு நட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. உள்வட்டம் அப்படியே இருந்தது. வெளிவட்டத்தில்தான் பொக்கைவாய்.

“வாங்க மச்சான்! பசியாறியாச்சா? இதோ, இன்னும் நாலஞ்சுதான், கழண்டுரும்.”

“கையை எடுங்க மாப்பிள்ளே!”

“இருங்க, இது ஒண்ணு கொஞ்சம் அடம் பிடிக்குது.”

ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். மனிதர் மல்லாக்க விழுந்து, நானும் அவர்மேல் விழுந்து, கோழிகள் எல்லாம் பறந்தன.

தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையை, அதுவும் அவர் வீட்டு வாசலில், சட்டையைப் பிடித்து மண்ணில் தள்ளினால் என்ன ஆகும்? நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். மீசை துடித்தது.

“என் வாசல்ல வந்து என் சட்டையைப் பிடிக்கிறீங்களா? லாரியில பாதி உங்களதுன்னா என் சட்டையும் பாதி உங்களதா?”

“மாப்பிள்ளே, நான் சொல்றதைக் கேளுங்க...”

“ஒண்ணும் கேக்க வேணாம். இந்தச் சக்கரத்தைக் கழட்டிக் குடுத்துட்டு அப்புறம் பேசுறேன்!”

இதுதான் மாப்பிள்ளை முறுக்கு என்பது. அந்த முறுக்கோடு திரும்பி அதே சக்கரத்துக்கு முன்னால் குந்தப் போனார் மனிதர். நான் குறுக்கே நின்றுகொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. ராசம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துவிட்டது. ஓடிவந்து ஸ்பேனரைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள்.

“அண்ணே சொல்லட்டும். கேட்டுட்டு அப்புறம் கோவிச்சுக்குங்க.”

ஆறுமுகம் சொன்னதைச் சொன்னேன். “காத்துக்குப் போயி இவ்ளோ கலாட்டாவா?” என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை சக்கரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்தவர் அசையவில்லை. நட்டு கழன்ற பக்கத்தில் இரண்டு தட்டுக்கும் நடுவே மெல்லிசாக ஓர் இடைவெளி திறந்திருந்தது. அவர் கையால் துடைத்து, சுரண்டி, வண்ணம் அடித்த சக்கரம். அந்த இடைவெளி காலையில் இல்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

“மச்சான்,” என்றார், “அது வாயைத் திறக்குது.”

நான் எடுக்கிறேன் என்று அவர், நான்தான் எடுப்பேன் என்று நான். கடைசியில் “ராசம்மாவைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளி நில்லுங்க, உங்க மச்சான் நான் சொல்றேன்” என்று அதட்டினேன். டயருக்குப் பின்னால் தரையில் படுத்து, கையை மட்டும் வளைத்து வால்வைத் தேடினேன். கையில் ஓர் ஆணி. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை குத்தியது. உஸ்ஸ் என்று காற்று கிளம்பியது.

ஒரு டயரில் அவ்வளவு காற்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. போய்க்கொண்டே இருந்தது. காசு வாங்காமல் விட்டதால் பின்னாலேயே வந்த ஆப்பே, கேட்க நீட்டிய கையோடு அப்படியே நின்றார். காற்றின் சத்தம் மெலிந்து, சிணுங்கி, நின்றது. டயரைக் காலால் மிதித்துப் பார்த்தேன். துவண்டு கொடுத்தது. உட்கார்ந்துவிட்டேன். உயிர் போய் உயிர் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது, நன்றாக வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராசம்மா முதலில் அழுதாள். பிறகு புருஷனைப் பார்த்து, “உங்க சுத்தத்துல தீயை வைக்க!” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “சட்டையோட விட்டுட்டீங்களே அண்ணே, முதுகுல ரெண்டு போட்டிருக்கணும்” என்றாள். மாப்பிள்ளை இரண்டுக்கும் தலையாட்டினார்.

ஆப்பேக்கும் சேர்த்து ராசம்மா கோப்பி கலக்கிக் கொண்டு வந்தாள். நாங்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார்.

“மச்சான், அந்தச் சிவப்பு பார்க்க நல்லா இருக்குன்னு கேட்டாங்கன்னு, இன்னும் ரெண்டு பேரு லாரிக்கும் நானே அடிச்சுக் குடுத்தேன்.”

கோப்பியை யாரும் முடிக்கவில்லை. ஆப்பே தானாகவே வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

முதலில் கிளேபாங், மூன்று மைல். அங்கே தேங்காய் வியாபாரம் செய்யும் பாய் ஒருவரும் எங்களோடு அதே ஏலத்தில் லாரி எடுத்தவர். தென்னந்தோப்பில் அவர் லாரி நான்கு காலில் சமர்த்தாக நின்றது. சக்கரத்தை எப்போதாவது கழற்றினீர்களா என்று கேட்டதும், “ஓடுற வண்டியை எதுக்கு மாப்புளே நோண்டணும்?” என்றார். வேறு நாளாக இருந்தால் பராமரிப்பைப் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். அன்றைக்கு அவர் சோம்பேறித்தனத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம் போல் இருந்தது. கம்பிப் பிரஷ்ஷால் உள்வட்டத்துச் சிவப்பை மாப்பிள்ளையே சுரண்டி எடுத்தார். என் வேண்டுதலைக் கேள்விப்பட்ட பாய், “பிள்ளையாருக்கா? நம்ம கடைத் தேங்காயா எடுத்துக்கிட்டுப் போங்க, காசு வேணாம்” என்று மூட்டையை டாக்ஸியில் ஏற்றிவிட்டார்.

அங்கிருந்து ஊரைக் கடந்து உஜோங் பாசிர். லாரிக்காரர் போர்த்துகீசிய வம்சத்து மீன் வியாபாரி, மலாயில்தான் பேச்சு. அவர் வீட்டு முற்றத்தில் லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பதிவுகூடச் செய்யாத லாரியை, இரண்டு வாரத்துக்கு முன்பே விற்றுவிட்டாராம். சக்கரம் அழகாக இருக்கிறது என்று வாங்கியவர் சொன்னாராம். அதை அவர் மாப்பிள்ளையின் முதுகில் தட்டி, நன்றியோடு சொன்னார்.

மறுநாள் முழுக்க நாங்கள் எங்கள் லாரியைப் பார்த்தோம். இதே வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது என்ன என்று கேட்டால்: பிரேக் குழாய்களின் ரப்பர் வெளியே நன்றாகவும் உள்ளே உளுத்தும் இருக்கும்; பார்க்காமலே மாற்றிவிடுங்கள். காற்று வடிகட்டியைத் திறந்தால் எங்களுக்குக் குளவிக் கூடு கிடைத்தது. மின்சார வயர்களைச் சுற்றிய துணியை எலி தின்றிருக்கும். முன் அச்சுக்கும் சக்தி பிரிக்கிற பெட்டிக்கும் தனியாக எண்ணெய் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், மரக்கட்டை கொடுங்கள். பயணத்துக்கு எனக்குப் போகவர, அந்த டாக்ஸி நீங்கலாக, ஐந்து வெள்ளிகூட ஆகவில்லை. டாக்ஸிக்கு ஆனதைக் கணக்குப் பார்க்க எனக்கு மனமில்லை. அலோர்காஜாவிலிருந்து வந்ததற்கு மட்டும்தான் ஆப்பே வாங்கினார்; ஊரைச் சுற்றியதற்கு வாங்க மறுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை தேங்காய் உடைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். எங்கள் லாரியில் இப்போது உள்வட்டம் மஞ்சள், வெளிவட்டம் மட்டும் சிவப்பு. மாப்பிள்ளை என்னோடு சிரித்துப் பேசுகிறார். வீட்டில் எல்லோரும் நலம்.

அந்த மூன்றாவது லாரியைத்தான் காணோம். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூவார் போகும் சாலையில் வேறொரு லாரியில் கட்டி இழுத்துப் போனதாக மட்டும் தெரியும். மாப்பிள்ளை அடுத்த ஞாயிறு மூவார்வரை போய் ஒவ்வொரு பட்டறையிலும் விசாரித்துவிட்டு வந்தார். பச்சை உடம்பு, மீன் வாடை, நான்கு சக்கரத்திலும் எல்லா நட்டும் சிவப்பு. யாராவது பார்த்தால் நிறுத்திச் சொல்லுங்கள்.

வாங்கியவர் தமிழர் என்றார் மீன் வியாபாரி. ஒல்லியான ஆள், எல்லாப் பழுதும் நானே பார்த்துக்கொள்வேன் என்றாராம். கூட மனைவியும் கைக்குழந்தையும் வந்திருந்தார்களாம். ஐயா, இதைப் படிக்கிறவர் நீங்களாக இருந்தால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முதலில் காற்றை இறக்குங்கள். நீங்கள் வேலை செய்வதைக் காட்ட உங்கள் வீட்டம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.